தெலுங்கில் ஒரு காகிதம்

சின்ன ஜன்னல். ஒரு கை மட்டும் நுழையும் அளவுக்குத் திறப்பு. அதன் வழியாக ஒரு காகிதம் வெளியே வந்தது.

எனக்குப் பின்னால் பெரிய கூட்டம் முண்டிக்கொண்டிருந்தது. யாருடைய முழங்கையோ முதுகில் குத்தியது. காகிதத்தை வாங்கிக்கொண்டு ஒதுங்குவதற்குள் ஒரு செருப்பு காலை விட்டுப் போய்விட்டது. குனிந்து தேட இடமில்லை. தகிக்கிற தார் ரோட்டில் வெறுங்காலைத் தூக்கித் தூக்கி வைத்துக்கொண்டு நின்றேன்.

"என்னக்கா போட்டிருக்குது?" என்று கேட்டாள் காவேரி.

ஆந்திரப் பக்கத்தில் ஓர் ஊர். அந்த ஊர்ச் சிறையின் வெளிவாசல். காவேரியின் கணவர் தீர்த்தன் உள்ளே இருந்தார். அவளுக்குத் துணையாகவும், பேச்சுக்கு உதவியாகவும் நான் போயிருந்தேன்.

காகிதத்தைப் பார்த்தேன். மேலிருந்து கீழ்வரை தெலுங்கு. நடுவில் ஒரு தேதி மட்டும் எனக்குப் புரிந்தது. அன்றிலிருந்து பதினைந்தாம் நாள்.

"படிங்கக்கா" என்றாள்.

படித்தேன். அதாவது, கண்ணை இடமிருந்து வலமாக ஓட்டினேன். ஒவ்வொரு வரியாக, நிதானமாக. உதட்டைக்கூட அசைத்தேன் என்று நினைக்கிறேன்.

எனக்குத் தெலுங்கு பேச வரும். படிக்க வராது.

வீட்டுக்குள் ஒரு பாஷை

போன வாரம் இதே பகுதியில் என் கடைக்கு முதல் தையல் மெஷின் வந்த கதையைச் சிரித்துக்கொண்டே எழுதினேன். இதை அப்படி எழுத முடியவில்லை. நாலு நாளாக எழுதுவதும், எழுந்து போய்த் தண்ணீர் குடிப்பதும், திரும்ப வந்து கிழிப்பதுமாக இருக்கிறேன்.

நாங்கள் பாப்பிரெட்டிப்பட்டிக்காரர்கள். எந்தத் தலைமுறையில் வந்தோமோ, வீட்டுக்குள் தெலுங்குதான் பேசுவோம். வாசற்படி தாண்டினால் தமிழ். சண்டை முற்றினால் இரண்டும் கலந்து வரும். பள்ளிக்கூடத்தில் படித்தது, கடைப் பலகையில் எழுதியிருப்பது, கனவில் கணக்குப் போடுவது எல்லாம் தமிழ்தான். தெலுங்கு எழுத்து எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. தெரியாதது ஒரு குறையாக எங்களுக்குத் தோன்றியதே இல்லை. அந்த எழுத்து எதற்கு வேண்டியிருந்தது?

என் கணவர் பெங்களூரில் பெயின்ட் வேலை. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வருவார். எங்கள் தெருவில் பாதி வீடுகளில் இதே கதைதான். ஆண்கள் பெங்களூர், பிள்ளைகள் திருப்பூர், ஓசூர். நான் மெஷினை மிதித்துக்கொண்டு ஊரிலேயே இருந்தேன். ஜாக்கெட், பாவாடை, பள்ளிக்கூட யூனிபார்ம். என்னை எல்லோரும் டைலரக்கா என்றுதான் கூப்பிடுவார்கள்.

காவேரி சித்தேரி மலைக்காரி. சந்தை நாளில் புளி கொண்டுவருவாள். விற்றுவிட்டு என் கடைக்கு வந்து கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போவாள். என்னைவிடப் பத்து வயது சின்னவள். கையெழுத்துப் போடத் தெரியாது. ஆனால் மகள் நந்தினியைப் பத்தாவது வரை கொண்டுவந்துவிட்டாள். அந்தப் பெண் அரசு விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தது.

மிளகு பறிக்கப் போனவர்

ஒரு சந்தை நாளில் காவேரி புளி இல்லாமல் வந்தாள். வந்ததும் உட்காரவில்லை.

"எங்கூட்டுக்காரரு போன் எடுக்க மாட்டேங்கறாருக்கா. ஒரு மாசமாச்சு. கேரளாவுக்கு மொளகு பறிக்கன்னு மேஸ்திரி கூட்டிட்டுப் போனான். இப்ப அவன் போனும் சுச்சாப்பு."

அந்த வருடம் மழை ஏமாற்றிவிட்டது. சாமை முழங்கால் உயரத்தோடு நின்றுவிட்டது. மரவள்ளிக் கிழங்கு போட்டவர்களுக்கு விலை இல்லை. பிடுங்குகிற கூலிக்கே கட்டாது என்று காட்டிலேயே விட்டுவிட்டார்கள். அந்த மாதிரி சமயம் பார்த்துத்தான் மேஸ்திரிகள் மலையேறி வருவார்கள். மிளகு என்பார்கள், கட்டட வேலை என்பார்கள். சாயங்காலம் ஒரு வண்டி வரும். ஏறிப் போகிறவர்கள் எல்லோரும் மிளகுத் தோட்டத்துக்குப் போய்ச் சேர்வதில்லை. சிலரை ஆந்திரக் காட்டுக்குள் செம்மரம் வெட்டக் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள்.

தெரிந்து போகிறவர்களும் உண்டு. தெரியாமல் போகிறவர்களும் உண்டு. தீர்த்தன் எந்த வகை என்று நான் கடைசிவரை கேட்கவில்லை.

பத்து நாள் கழித்து மலையில் யாரோ ஒருவருடைய செல்போனில் ஆந்திரப் போலீஸ் பிடித்தவர்களின் படம் ஒன்று வந்தது. அடுக்கி வைத்த கட்டைகளுக்கு முன்னால் ஆண்கள் வரிசையாகத் தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள். எல்லோரும் தலையைக் குனிந்திருக்கிறார்கள். ஒருவர் முகமும் தெரியவில்லை. அந்தப் படத்தைக் காவேரி என் கடைக்குக் கொண்டுவந்து காட்டினாள்.

"மூணாவது ஆளு. அந்தக் காதப் பாருங்கக்கா. அது அவரு காதுதான்."

பிறகு கொஞ்சம் தயங்கிக் கேட்டாள். "உங்களுக்குத் தெலுங்கு தெரியுமில்ல?"

"தெரியும்" என்றேன். உடனே சொன்னேன். பெருமையாகவே சொன்னேன்.

கம்பி வலைக்கு அந்தப் பக்கம்

எந்த ஊர்ச் சிறை என்று படம் அனுப்பியவரிடமே கேட்டுக்கொண்டு கிளம்பினோம். பொம்மிடியில் ரயிலேறி, காட்பாடியில் இறங்கி, வேறு வண்டி பிடித்து, பிறகு பஸ். காவேரி அதற்குமுன் ரயிலில் ஏறியதே இல்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்த கையைக் காட்பாடிவரை எடுக்கவில்லை. மடியில் ஒரு தூக்குப்போசி. உள்ளே சாமைச் சோறும் மோரும்.

காட்பாடி தாண்டியதும் ஸ்டேஷன் பலகைகளில் தமிழ் நின்றுவிட்டது. அதைக் காவேரி கவனித்தாளோ என்னவோ, நான் கவனித்தேன். "இது என்ன ஊருக்கா?" என்று ஒவ்வொரு ஸ்டேஷனிலும் கேட்டாள். நான் எதிர் சீட்டுக்காரரிடம் தெலுங்கில் கேட்டு அவளுக்குத் தமிழில் சொன்னேன். எனக்குப் படிக்கத் தெரியாது என்று சொல்ல அங்கேயே நாலு தடவை வாய்ப்பு வந்தது. நான் சொல்லவில்லை. அவள் என்னைப் பார்த்த பார்வை அப்படி. டாக்டரைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

சிறை வாசலில் என் தெலுங்கைக் கேட்டு ஒரு காவலர் சிரித்தார். எங்கள் வீட்டுத் தெலுங்கில் பாதித் தமிழ். இருந்தாலும் வேலை நடந்தது. பேர் எழுதினார்கள், ஆதார் பார்த்தார்கள், என் பட்டன் போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள். சோற்றை உள்ளே விடமாட்டோம் என்றுவிட்டார்கள். காவேரி போசியைத் தரையில் வைத்துவிட்டு வந்தாள்.

இரண்டு கம்பி வலை. நடுவில் ஒரு ஆள் நடக்கிற இடைவெளி. இந்தப் பக்கம் பெண்கள், அந்தப் பக்கம் ஆண்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள்.

தீர்த்தன் இளைத்திருந்தார். வழக்கைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"பாப்பா பள்ளிக்கூடம் போவுதா?"

"போவுது. பரிச்ச எழுதிட்டா" என்று காவேரி கத்தினாள்.

"ஆடு?"

"ரெண்டு வித்துட்டேன்."

அவர் என்னைப் பார்த்தார். "இவங்க பேசறது ஒண்ணும் புரியலைங்கக்கா. ஏதோ கேக்கறாங்க, நான் தலையாட்டறேன். அது ஆமாங்கறதா இல்லைங்கறதான்னு எனக்கே தெரியல."

வக்கீல் யார் என்று கேட்டேன். தெரியாது என்றார். கோர்ட்டுக்குக் கூட்டிப் போனார்களா என்று கேட்டேன். ஒரு பெரிய கட்டடத்துக்குக் கூட்டிப் போனார்கள், நின்றோம், திரும்பக் கூட்டிவந்துவிட்டார்கள் என்றார். அதற்குள் மணி அடித்துவிட்டது.

அதன்பிறகுதான் அந்த ஜன்னல். உள்ளே இருந்த எழுத்தரிடம், இவருடைய கேஸ் என்ன ஆச்சு, எப்போது விடுவார்கள் என்று தெலுங்கில் கேட்டேன். அவர் ஏதோ நோட்டைப் பார்த்து வேகமாகச் சொன்னார். பின்னால் ஒரு குழந்தை வீறிட்டு அழுதுகொண்டிருந்தது. எனக்குக் கேட்டது ஒரே ஒரு சொல். 'விடுதல.' பிறகு காகிதத்தை நீட்டிவிட்டார்.

விடுதலை. ஒரு தேதி. இரண்டையும் ஒட்டித் தைத்துவிட்டேன்.

"என்னக்கா போட்டிருக்குது?"

"விட்டுடுவாங்களாம் காவேரி. பதினஞ்சு நாள்ல."

அவள் அழவில்லை. கூட்டத்துக்குள் புகுந்து என் செருப்பைத் தேடி எடுத்துக்கொண்டுவந்து காலடியில் போட்டாள். பிறகு ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து அந்தச் சாமைச் சோற்றை இரண்டு பேரும் சாப்பிட்டோம். மோர் புளித்திருந்தது. நல்ல ருசியாக இருந்தது.

ஏன் கேட்கவில்லை?

இந்த இடத்தில் வாசகர்கள் கேட்கலாம். அந்த ஊரில் பெட்டிக்கடைக்காரர் படிப்பார், ஆட்டோக்காரர் படிப்பார், யாரிடமாவது காகிதத்தை நீட்டினால் என்ன?

நீட்டியிருக்கலாம். காவேரி பக்கத்தில் நின்றாள். அவள் முன்னால் இன்னொருவரிடம் 'இதைப் படித்துச் சொல்லுங்கள்' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. காரணம் அவ்வளவுதான். பெரிதாக ஒன்றும் இல்லை. எத்தனையோ தடவை இதைவிட நல்ல காரணம் தேடிப் பார்த்துவிட்டேன்.

இப்போது போன் கேமராவைக் காட்டினால் அதுவே படித்துச் சொல்லிவிடுகிறது. நான் முதன்முதலில் அப்படி ஒரு போன் வாங்கிய அன்று என்ன செய்தேன் தெரியுமா? எதிலும் காட்டிப் பார்க்கவில்லை. மூடி வைத்துவிட்டேன்.

பொம்மிடியில் இறங்கியதும், எதற்கும் இருக்கட்டும் என்று அந்தக் காகிதத்துக்கு ஒரு ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டேன். அசலைக் காவேரி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். நகல் என் மெஷின் டிராயரில், ஊசி டப்பாவுக்கு அடியில் கிடந்தது. டிராயரைத் திறக்கும்போதெல்லாம் கண்ணில் படும். ஊசியை எடுத்துக்கொண்டு சட்டென்று மூடிவிடுவேன். அந்த நாட்களில் இரண்டு ஜாக்கெட்டுக்குக் கை மாற்றி வைத்துத் தைத்தேன். பிரித்தேன். திரும்பத் தைத்தேன்.

சேலை வியாபாரி

பன்னிரண்டாம் நாளோ பதின்மூன்றாம் நாளோ, ஆந்திரப் பக்கமிருந்து சேலை கொண்டுவந்து விற்கிற ஒருவர் கடைக்கு வந்தார். வருடத்துக்கு இரண்டு தடவை வருவார். மூட்டையை இறக்கிவைத்துத் தண்ணீர் கேட்டார். செம்பைக் கொடுத்த கையோடு டிராயரைத் திறந்து அந்த நகலையும் கொடுத்தேன்.

நின்றபடியே படித்தார்.

"யாரும்மா இது, சொந்தமா?"

"தெரிஞ்சவங்க. விட்டுடறாங்கன்னுதானே போட்டிருக்கு?"

அவர் இல்லை என்று தலையை ஆட்டினார். "லேதும்மா. இது வாய்தா. காவலை நீட்டிச்சிருக்காங்க. இந்தத் தேதிக்கு மறுபடி கோர்ட்டுக்குக் கொண்டுபோவாங்க. அவ்வளவுதான். வக்கீல்னு போட்டிருக்கிற எடத்துல யாரு பேரும் இல்லை. வக்கீல் வெச்சு ஜாமீன் கேக்கச் சொல்லுங்க. இல்லேன்னா இப்படியே தள்ளிக்கிட்டேதான் போகும்."

எழுத்தர் சொன்னது என்னவாக இருந்திருக்கும் என்று அப்போது புரிந்தது. விடுதலை இப்போது இல்லை, வாய்தா போட்டிருக்கிறது. நான் முதல் சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன்.

அன்று மத்தியானமே கடையைச் சாத்தினேன். அரூர் போய், அங்கிருந்து சித்தேரி பஸ். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் உட்கார முடியவில்லை. நின்றுகொண்டே போனேன். என்ன சொல்வது, எப்படி ஆரம்பிப்பது என்று ஒவ்வொரு வளைவிலும் ஒரு வாக்கியம் யோசித்தேன். அடுத்த வளைவில் அது மறந்துபோனது. பஸ் நின்ற இடத்திலிருந்து காவேரியின் ஊருக்கு ஒரு மணி நேரம் நடக்க வேண்டும். ரோடு கிடையாது. அந்த வழியில்தான் ரேஷன் அரிசியைத் தலைச்சுமையாகக் கொண்டுபோகிறார்கள். அந்த வழியில்தான் பிரசவத்துக்குத் தூளி கட்டித் தூக்கி வருகிறார்கள். அவள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அன்றுதான் நடந்து பார்த்தேன்.

"சொல்றதுக்கு என்னக்கா?"

காவேரி வீட்டுச் சுவருக்கு மண் பூசிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. முழங்கைவரை சேறு.

"வாங்கக்கா! இவ்ளோ தூரம் நடந்தா வந்தீங்க? அவரு வர்றதுக்குள்ள வூட்ட முடிச்சிடலாம்னு பாக்கறேன்."

உட்காரச் சொன்னாள். நான் நின்றேன். அவளே பேசிக்கொண்டு போனாள்.

"போன வாரம் சேலத்துலருந்து வக்கீலுங்க ரெண்டு பேரு வந்தாங்கக்கா. உள்ள இருக்கறவங்களுக்கெல்லாம் சும்மாவே ஜாமீன் எடுத்துத் தர்றோம்னு வூடு வூடா பேரு எழுதினாங்க. எங்கூர்ல நாலு பேரு எழுதிக் குடுத்தாங்க. நான் எங்கூட்டுக்காரரு வந்துடுவாரு, வேணாங்கன்னு சொல்லிட்டேன். பாவம், வேற யாருக்காச்சும் ஆவட்டும்."

அதுவரை நான் சொன்னது ஒரு தப்பான சேதி என்றுதான் நினைத்திருந்தேன். அந்தச் சேதி வீடு தேடி வந்த வக்கீலையும் திருப்பி அனுப்பியிருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது.

"காவேரி, அவரு வரமாட்டாரு. அதுல அப்படி எழுதல. வாய்தா தேதிதான் போட்டிருக்கு. நான் தப்பாச் சொல்லிட்டேன்."

அவளுக்குப் புரியவில்லை. "நீங்க படிச்சீங்களேக்கா?"

"எனக்குத் தெலுங்கு பேசத்தான் தெரியும். படிக்கத் தெரியாது."

கையில் இருந்த சேற்றுருண்டை கீழே விழுந்தது. அவள் எடுக்கவில்லை. சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாதி ஈரமாகவும் பாதி காய்ந்தும் இருந்தது அந்தச் சுவர். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"எனக்கும்தான் எழுத்து தெரியாது. தெரியாதுன்னு ஊரு முழுக்கச் சொல்லிட்டுத்தான் திரியறேன். உங்களுக்குச் சொல்றதுக்கு என்னக்கா?"

கத்தியிருந்தால் தேவலை. அவள் கத்தவில்லை. குடத்திலிருந்து தண்ணீர் மொண்டு கையைக் கழுவினாள். புடவையை மாற்றிக்கொண்டு வந்தாள். "கடைசி பஸ்ஸு இருக்குது. அந்த வக்கீலுங்க அரூர்லதான் தங்கியிருக்காங்களான்னு கேப்போம். நடங்க" என்றாள். இறங்கும்போது முன்னால் அவள் போனாள். நான் பின்னால் ஓடினேன்.

அந்த இரண்டு மாதம்

அரூரில் அவர்கள் இல்லை. சேலம் போய்ப் பிடித்தோம். அதற்குள் முதல் ஜாமீன் மனு போய்விட்டிருந்தது; தீர்த்தன் பெயர் அடுத்த மனுவில்தான் சேர்ந்தது. அந்த ஊர் நான்கு பேரும் ஜாமீனில் முதலில் வந்தார்கள். தீர்த்தன் அவர்களுக்கு இரண்டு மாதம் பின்னால் வந்தார்.

இரண்டு மாதம்தானே என்று எனக்கு ஆறுதல் சொன்னவர்கள் உண்டு. அந்த இரண்டு மாதத்தில்தான் பள்ளிக்கூடம் திறந்தது. நந்தினி பத்தாவது தேறியிருந்தாள். பதினொன்றாம் வகுப்பில் சேர்க்க அப்பன் இல்லை, வீட்டில் ஆடும் இல்லை. உறவுக்காரர்கள் வந்து கல்யாணப் பேச்சை எடுத்தார்கள். பதினாறு வயதுப் பெண்ணுக்கு. காவேரி அதற்கு மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. அதைத் தடுக்க அவளுக்கு ஒரே வழிதான் தெரிந்தது. பெண்ணை ஒரு நூல் மில்லுக்கு வேலைக்கு அனுப்பிவிட்டாள்.

படிப்புச் செலவெல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன், அனுப்பாதே என்று போய் நின்றேன்.

"வேணாங்கக்கா" என்றாள். அவ்வளவுதான்.

தீர்த்தன் ஜாமீனில் வந்த இரண்டாம் நாள், உடம்பு தேறுவதற்குள்ளேயே, மில்லுக்குப் போய் மகளைக் கூட்டிவந்துவிட்டார். வழியில் என் கடைக்கு வந்தார்கள். பெண் கையில் ஒரு துணிப்பை. தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருந்தது.

"ஒரு வருசம் போச்சு. அடுத்த வருசம் சேத்துக்கலாம், வுடுங்கக்கா" என்றார் தீர்த்தன்.

சேர்த்தார்கள். தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து படித்தாள். இப்போது சேலத்தில் நர்சிங் படிக்கிறாள். தீர்த்தன் அதற்கப்புறம் மலையைவிட்டு இறங்கவில்லை என்று எழுத ஆசை. இல்லை. கோயம்புத்தூரில் கட்டட வேலைக்குப் போகிறார். வாய்தாவுக்கு மட்டும் ஆந்திரா போய் வருகிறார். வழக்கு இன்னும் முடியவில்லை.

அதன்பிறகு வேறு பெண்களும் என்னைக் கூப்பிட்டார்கள். இரண்டு மூன்று தடவை துணைக்குப் போனேன். பொம்மிடியில் ரயில் ஏறுவதற்கு முன்பே, "பேசுவேன், படிக்கத் தெரியாது" என்று சொல்லிவிடுவேன். சொல்லும்போது ஒன்றும் ஆகவில்லை. ஒருவரும் முகம் சுளிக்கவில்லை.

காவேரி இன்னமும் சந்தைக்கு வருகிறாள். போன மாதம்கூட வந்தாள். கையில் ஒரு கடிதம். நந்தினியின் கல்லூரியிலிருந்து வந்தது, தமிழில். என் கடை வாசலைத் தாண்டி ரோட்டைக் கடந்து, எதிரே இருக்கிற மருந்துக்கடைக்காரரிடம் கொடுத்தாள். அவர் படித்துச் சொன்னார். அவள் இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். அவர் மறுபடி படித்தார். நான் மெஷினில் உட்கார்ந்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு கடிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு என்னிடம் வந்தாள். ஜாக்கெட் துணியை மேஜைமேல் வைத்தாள்.

"கை மட்டும் கொஞ்சம் லூசா வைங்கக்கா" என்றாள்.

"சரி காவேரி" என்றேன்.